பிலோமினா: பெயர்ப்பொருளும் தமிழ் வடிவமும்

பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில் தமிழும் கன்னடமும் அருகருகே வழங்குகின்றன. ஒருவர் பெயரே இரு வரிவடிவங்களில் எழுதப்பெறுவது அங்கு இயல்பு. தமிழ்க் கத்தோலிக்கரிடையே நன்கு வேரூன்றிய ‘பிலோமினா’ என்னும் பெண்பாற் பெயர் கன்னடத்தில் மூச்சொலியுடைய பகரத்தால் தொடங்கும். தமிழில் வெறும் பகரமே. ஆய்தம் சேர்த்து ‘ஃபிலோமினா’ என எழுதுவோர் அதுவே கிரேக்கத்துக்கு நெருக்கமானது என்பர். இது பொருந்தாது. செவ்வியல் கிரேக்கத்தில் அம்முதலெழுத்து மூச்சொலியுடைய வெடிப்பொலியாகவே ஒலித்தது, உரசொலியானது பிற்காலத்தே.

பொருளைப் பற்றிய குழப்பம் இதனினும் பெரிது. பெயர் விளக்கங்களில் ‘ஒளியின் மகள்’ என்றும் ‘வலிமையை விரும்புபவள்’ என்றும் காண்கிறோம். 1802-இல் உரோமையின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் மூன்று ஓடுகள் கிடைத்தன. அவை இருந்த வரிசையில் ‘லூமேனா / பாக்ஸ் தே / கும் ஃபி’ என்றே படிக்க இயலும். முதல் ஓட்டை இறுதியில் வைத்தால் ‘பாக்ஸ் தேகும் ஃபிலூமேனா’ (ஃபிலூமேனா, உனக்குச் சமாதானம்) என்றாகும். மகள், ஒளி என்னும் இலத்தீன் சொற்களை இதில் காண்பது, ஓடு பிரிந்த இடத்தில் சொல்லையும் பிரிப்பதாகும். ‘வலிமை’ விளக்கமோ, ஊகாரம் ஓகாரமாகத் திரிந்த பிற்கால வடிவத்தையே மூலமாகக் கொண்டது.

உண்மையில் இப்பெயர் கிரேக்க ‘ஃபிலூமெனே’. அன்பு செய்தலைக் குறிக்கும் வினையின் நிகழ்காலச் செயப்பாட்டு எச்சம், பெண்பால். அன்பு செய்யப்படுபவள் என்பது பொருள். ‘பிரியா’ என்னும் வடசொற்பெயரும் பொருளால் இதனோடு ஒக்கும். ஆயின் ஒலியொப்புமை கண்டு இரண்டையும் ஒரே வேரில் சேர்த்தல் தவறு. தமிழ்ப் பெயர்களில் ‘செல்லம்மாள்’ மிக அணுகி நிற்கிறது.

அவ்வாறாயின் மொழிபெயர்ப்பாளர் பெயரையே மாற்றலாமா? வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையை ‘வளன்’ என்றார். அது பெருக்குதல் என்னும் எபிரேயப் பொருளைத் தழுவியது. காப்பியத்திற்கு அது தகும். மைசூரின் பிலோமினா பேராலயத்தைக் குறிக்கும் உரைநடையிலோ, ஓர் ஆவணத்திலோ ‘செல்லம்மாள்’ என எழுதினால் யாரைக் குறித்தது என்பதே மறையும். அங்கெல்லாம் வழக்கிலுள்ள ‘பிலோமினா’வே கொள்ளத்தக்கது, பொருள் வேண்டிய இடத்தில் ‘அன்பு செய்யப்படுபவள்’ என ஒரு குறிப்புத் தரலாம். ‘ஒளியின் மகள்’ என்பதை மக்கள் விளக்கம் என்று சுட்டியே எடுத்தாள வேண்டும்.