ஏற்காடு சாலையின் இரவல் மெட்டுகள்

பழைய பாட்டுப் பித்தர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் வேதாவின் பெயரை எடுத்துப் பாருங்கள். அடுத்த வாய் 'காப்பி' என்று சொல்லும். அதோடு பேச்சு முடிந்துவிடும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு 1960களில் தொடர்ந்து இசையமைத்தவர் எஸ்.எஸ்.வேதாசலம் என்கிற வேதா. 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966), 'எதிரிகள் ஜாக்கிரதை' (1967), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று வரிசையாகப் படங்கள். அவற்றின் பாட்டுகள் எல்லோருக்கும் வேண்டும். ஆளுக்கு மட்டும் மாலை கிடையாது.

அதே கூட்டத்தில் கிட்டார் பழகிய இளைஞன் ஒருவன் இருந்தால் பேச்சு பீட்டில்ஸ், லெட் செப்பலின் என்று தாவும். அங்கேயும் இதே வழக்குதான், ஆனால் தீர்ப்பு வேறு. லெட் செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டு தன்னுடைய வரிகளிலிருந்து எடுத்தது என்று சிகாகோ புளூஸ் கலைஞர் வில்லி டிக்ஸன் 1985இல் வழக்குப் போட்டார். சமரசம் பேசி, பிற்பாடு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். 'டேஸ்ட் அண்ட் கன்ஃபியூஸ்ட்' பாட்டுக்காக ஜேக் ஹோம்ஸ் 2010இல் நீதிமன்றம் போனார். அதுவும் சமரசத்தில் முடிந்தது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' வழக்கில் மட்டும் 2020இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு நிலைத்தது. பீட்டில்ஸ் கலைந்தபின் ஜார்ஜ் ஹாரிசன் செய்த 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டை, தன்னையறியாமல் செய்த நகல் என்று 1976இல் அமெரிக்க நீதிபதி ஒருவர் சொல்லிவிட்டார். இத்தனைக்குப் பிறகும் அவர்களுடைய பீடம் ஆடவில்லை. நீதிமன்றப் படியே ஏறாத வேதா திருடன் ஆனார். படியேறி இறங்கியவர்கள் மேதைகள். இந்தக் கணக்கு எப்படி நேர்ந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், நம்மிடம் இதுபற்றி எழுதப்பட்டிருப்பது என்ன? தமிழில் திரையிசை எழுத்து குறைவில்லை. வாமனனின் 'திரை இசை அலைகள்' பழைய இசையமைப்பாளர்களைத் தேடிப்போய் அவர்கள் வாழ்க்கையைப் பதிந்தது. ராண்டார் கை ஆங்கில நாளிதழில் படம் படமாக நினைவு எழுதினார். பிலிம் நியூஸ் ஆனந்தன் பட்டியல் தந்தார். அந்தப் பட்டியல் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்களுக்கு எழுதக் கையும் ஓடாது. இளையராஜா விஷயத்தில்தான் விமரிசனம் என்று சொல்லத்தக்கது சூடுபிடித்தது. பிரேம்-ரமேஷ் அவருடைய இசையின் தத்துவத்தையும் அழகியலையும் வைத்துத் தனி நூலே எழுதினார்கள். சாரு நிவேதிதா அந்த வழிபாட்டை விடாமல் கேள்வி கேட்டார். ஷாஜி 'சொல்லில் அடங்காத இசை'யில் ரசிகராகவும் கறாரான விமரிசகராகவும் எழுதினார். ஆனால் இந்த எழுத்து முழுவதிலும் தராசு ஒன்றுதான்: ஒரு பெயர், அந்தப் பெயருக்கு எவ்வளவு எடை. எம்.எஸ்.வி.யா ராஜாவா, ராஜாவா ரகுமானா என்று பட்டிமன்ற மேடைக்கு ஏற்றபடி கேள்வியை நறுக்கி வைத்துவிட்டோம். பட்டிமன்றத்தில் மூன்றாவது அணிக்கு நாற்காலி போடுவதில்லை. சேலம் அந்த மூன்றாவது அணி.

திருச்செங்கோட்டு டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். ஏற்காடு சாலையில் இன்று அதன் முகப்பு வளைவுதான் மிச்சம். முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), மலையாளத்தின் முதல் வண்ணப்படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) எல்லாம் இந்த நிறுவனத்தின் கணக்கில் வரும். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். சுந்தரம் கலைஞர் என்பதைவிட ஆலை முதலாளி. மாதச் சம்பளம், நேரத்துக்கு வேலை, குறித்த தேதியில் படம். இந்தப் பகுதியில் ஜவுளி ஆலை எப்படி ஓடியதோ அப்படித்தான் படமும் ஓடியது. வெற்றிபெற்ற கதையை வேறு மொழியிலிருந்து வாங்குவது அந்த ஆலையின் வழக்கமான கொள்முதல். கதையோடு சில சமயம் மெட்டும் வந்து இறங்கியது.

வேதாவுக்கு வெகு முன்பே இறங்கியது என்பதைத்தான் கூட்டம் மறந்துவிடுகிறது. 'அலிபாபா'வில் ஏ.எம்.ராஜாவும் பானுமதியும் பாடிய 'மாசிலா உண்மைக் காதலே' 1954இல் வந்த இந்தி அலிபாபா படத்து மெட்டு. இசை எஸ்.தட்சிணாமூர்த்தி. அவரை யாரும் காப்பி என்று சொல்லிக் கேட்டதில்லை. எம்.ஜி.ஆர். படம், முதல் வண்ணம், பானுமதியின் குரல் என்று அந்தப் பாட்டுக்குப் புகழ் சேர வேறு வாசல்கள் திறந்திருந்தன. மெட்டு யாருடையது என்று விசாரிக்கத் தேவை வரவில்லை. ஒன்பது வருடம் கழித்து அதே நிறுவனத்தில், அதே முறையில், 'உஸ்தாதோன் கே உஸ்தாத்' (1963) படம் 'வல்லவனுக்கு வல்லவன்' ஆயிற்று. ரவி இசையில் முகமது ரஃபி பாடியது டி.எம்.சௌந்தரராஜன் குரலில் 'ஓராயிரம் பார்வையிலே' ஆயிற்று. திரையில் வாயசைத்தவர் அதுவரை பெரும்பாலும் வில்லனாக உறுமிக்கொண்டிருந்த அசோகன். புகழைத் தூக்கிக்கொண்டு போக எம்.ஜி.ஆர். போன்ற நட்சத்திரம் இல்லாத படத்தில் பழியும் இசையமைப்பாளரிடமே தங்கிவிட்டது.

என் காதுக்கு 'ஓராயிரம் பார்வையிலே' மிக நல்ல பாட்டு. ஆனால் அதில் வேதாவுக்கு உரிய பங்கு சிறியது என்றே சொல்வேன். மெட்டு ரவியுடையது, உயிர் டி.எம்.எஸ். கொடுத்தது. 1966இல் 'யார் நீ'யிலும் இப்படித்தான்; பி.எஸ்.வீரப்பாவின் தயாரிப்பான அந்தப் படம் 'வோ கௌன் தீ'யின் மறுஆக்கம், சுசீலாவின் 'நானே வருவேன்' மதன்மோகனின் மெட்டு. வேதாவைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் இந்தப் பாட்டுகளை முன்னே வைப்பது தவறான உத்தி. அவருக்கு நியாயமான சாட்சிகள் வேறு இடத்தில் இருக்கின்றன. 'அன்பு எங்கே' (1958) படத்தின் 'டிங்கிரி டிங்காலே' இன்றும் திருவிழாக் கச்சேரியில் கூட்டத்தை எழுப்புகிறது. ஏவி.எம். எடுத்த 'அதே கண்கள்' (1967) இன்னும் பெரிய சாட்சி. கொலையும் முகமூடியுமாக ஓடும் அந்த வண்ணப்படத்தில் பித்தளைக் கருவிகளும் தாளக்கருவிகளும் சேர்ந்து கிளப்பும் பதற்றம் அந்தக் காலத் தமிழ்ப்படங்களில் அபூர்வம். அந்த ஒரு படத்துக்காகவே அவர் பெயர் நிற்கலாம். துப்பறியும் படத்துக்கென்று தமிழில் ஓர் ஒலியை உண்டாக்கியவர்களில் அவர் ஒருவர். அந்தப் படங்களின் நாயகன் ஜெய்சங்கரின் நடையை நினைத்தால் கூடவே காதில் வருகிற ஒலி அது.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. புகழ் பெற்றவரைச் சரியான காரணத்துக்காகத்தான் புகழ்கிறோமா? ஜி.ராமநாதன் மாடர்ன் தியேட்டர்ஸின் 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி' (1947), 'மந்திரி குமாரி' (1950) முதலான படங்களுக்கு இசை தந்தவர். அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் கர்நாடக ராகங்களைத் திரையில் கொண்டுவந்த மேதை என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். உண்மைதான். ஆனால் அதே ராமநாதன் 1958இல், வேறு நிறுவனம் எடுத்த 'உத்தம புத்திர'னில், 'யாரடி நீ மோகினி'யின் நடுவே ராக் அண்ட் ரோலை அவிழ்த்துவிட்டார், ஹெலன் ஆடினார். எல்விஸ் பிரெஸ்லி அமெரிக்காவில் பெரும்புகழ் அடைந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. அரசசபைக் கதையில் அது எப்படிப் பொருந்தும் என்று அந்த மனிதர் ஒரு நிமிடமும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ராகத்துக்காக அவரை வணங்குகிறவர்கள் இந்தத் துணிச்சலை ஒரு வேடிக்கையாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கோ அவருடைய பெருமையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

கே.வி.மகாதேவனைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. 'வண்ணக்கிளி' (1959), 'குமுதம்' (1961) இரண்டும் சேலத்துப் படங்கள், இரண்டும் பாட்டுக்காகவே நிற்பவை. திரையிசைக்குத் தேசிய விருது முதல்முதலாகக் கொடுத்தபோது, 'கந்தன் கருணை'க்காக, வாங்கியவர் அவர்தான். கேட்க வேண்டிய கேள்வி அவருடைய உதவியாளர் புகழேந்தியைப் பற்றியது. மகாதேவனின் இசையில் அவர் பங்கு பெரிது என்று உள்ளே இருந்தவர்கள் சொல்வார்கள்; வெளியே ஒரு வரியில் கடந்துபோவோம்.

இரவல் மெட்டு என்பது அவமானமாக இருந்ததே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாடகக் கம்பெனிகளின் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டினால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் வர்ணமெட்டு என்று போட்டு, எந்தப் பாட்டின் மெட்டில் பாட வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். பாரதியே சில பாடல்களுக்கு அப்படிக் குறித்திருக்கிறார். வாங்கினேன் என்று சொல்லிவிட்டு வாங்கிய காலம் அது. சினிமா வந்து, டைட்டில் கார்டில் 'இசை' என்று ஒரே ஒரு பெயர் போடத் தொடங்கியதும் அந்த வழக்கம் செத்தது. இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பில் பாக்கின் இசையை எடுத்தாண்டபோது, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று அதற்குப் பெயர் வைத்தார். வர்ணமெட்டு போட்ட மரபு அதில் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது. வேதாவின் பாட்டுகளிலும் 'மெட்டு: ரவி' என்று ஒரு கார்டு விழுந்திருந்தால் இன்று அவரைச் சிறந்த தழுவல்காரர் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருப்போம்.

சரி, புகழ் எந்த வழியாகப் பரவியது? எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு மூன்று வழிகள். முதலில் இலங்கை வானொலி. படம், பாடியவர், இசையமைத்தவர் என்று பெயர் சொல்லிப் பாட்டைப் போட்ட அறிவிப்பாளர்களால்தான் வேதா என்ற பெயரே பலர் காதில் விழுந்தது. இரண்டாவது, ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கி ராசிபுரம், நாமக்கல் ஊர்த் திருவிழாக்கள் வரை நடக்கும் பாட்டுக் கச்சேரி. மைக் பிடித்தவருக்குக் கறுப்பு வெள்ளைப் பாட்டென்றால் எல்லாமே மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. பாட்டுதான். மூன்றாவது வழிதான் தீர்மானமானது: லாரி. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டும்போதே கேபினில் டேப் செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் இடம் விட்டுவிடுவார்கள். 1980களில் ஊருக்கு நாலு ரெக்கார்டிங் சென்டர். வெற்று கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். கேசட் முதுகில் 'டி.எம்.எஸ். தத்துவம்', 'சுசீலா சோகம்', 'இளையராஜா மெலடி' என்று எழுதியிருக்கும். இளையராஜாவின் பெயர் மட்டும் இசையமைப்பாளராகவே கேசட்டில் ஏறியதைக் கவனிக்கலாம்; 1976இல் 'அன்னக்கிளி' வந்தபின் நடந்த பெரிய மாற்றம் அது. வேதாவின் பாட்டுகள் வடக்கே போன லாரிகளில் எல்லாம் போயின, டி.எம்.எஸ். பாட்டாக. இந்தியின் மூல மெட்டு ஒலித்த ஊர்களுக்கே அந்தத் தமிழ்ப் பாட்டு சரக்கோடு போய்வந்ததை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

ராக் குழுக்களின் புகழை நம் கணக்கோடு ஒப்பிடும்போது பலரும் விட்டுவிடுகிற வித்தியாசம் ஒன்று இருக்கிறது. லெட் செப்பலின் என்றால் நாலு பேர். இசைத்தட்டு உறையில் நாலு பேருக்கும் பெயர், முகம். டிரம்ஸ் யார், பேஸ் யார் என்று ரசிகன் சண்டை போடலாம். சேலத்துக்கு உண்மையான ஒப்பு டெட்ராய்ட் நகரத்து மோடவுன். கார் ஆலையில் வேலைசெய்த பெரி கார்டி 1959இல் தொடங்கி, ஆலை முறையிலேயே பாட்டு உற்பத்தி செய்த கம்பெனி அது. அங்கே எல்லாப் பாட்டுக்கும் பின்னால் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் என்ற வாத்தியக்காரர்களை உலகம் பரவலாக அறிந்துகொள்ள 2002இல் ஓர் ஆவணப்படம் வரவேண்டியிருந்தது. நமக்கு அந்த ஆவணப்படமும் இல்லை. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இரட்டையர் 1965இல் பிரிந்தபோது புகழ் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரியும். ஹென்றி டேனியல், நோயல் கிராண்ட், மங்களமூர்த்தி என்று அந்தக் குழுவில் இருந்தவர்களின் பெயர்கள் விவரம் தெரிந்தவர்களுக்குள்ளேயே நின்றுவிட்டன.

ஆகவே, புகழுக்குத் தகுதியா என்ற கேள்வியைத் தனித்தனிப் பாட்டிடம் கேட்பதே சரி. கேட்டபின் கிட்டார் யார், அக்கார்டியன் யார் என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மாடர்ன் தியேட்டர்ஸ் கடைசிக் காலத்தில் செய்த ஒரு காரியம் கண்ணில் படும். 1972இல் 'கருந்தேள் கண்ணாயிரம்' படத்துக்கு அவர்கள் பெயர்பெற்ற இசையமைப்பாளரைத் தேடிப் போகவில்லை. வயலின் வாசித்த ஷியாமையும் கிட்டார் வாசித்த பிலிப்ஸையும் சேர்த்து 'ஷியாம்-பிலிப்ஸ்' என்று டைட்டில் போட்டார்கள். ஷியாம் பிறகு மலையாளத்தில் பெரிய இசையமைப்பாளர் ஆனார். பிலிப்ஸின் கிட்டாரை எம்.எஸ்.வி.யின் கிட்டார் என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.