மதியிறுக்கமா, ஆட்டிசமா? – வகைப்பாட்டு மாற்றங்களும் தமிழ்க் கலைச்சொல்லும்

ஆட்டிசம் என்னும் சொல்லைப் படைத்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். மனச்சிதைவுற்றோர் புறவுலகை விட்டு விலகித் தம்முள் ஒடுங்கும் நிலையைச் சுட்ட, ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து 1910-ஐ ஒட்டி அவர் அதனை ஆக்கினார். 1943-இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில் அச்சொல்லை எடுத்தாண்டபோதே பொருள் மாறிவிட்டது. முன்பிருந்த உறவிலிருந்து இக்குழந்தைகள் விலகவில்லை. தொடக்கம் முதலே பிறரோடு இயல்பாக உறவுகொள்ள இயலாதவர்கள் என்று அவர் வேறுபடுத்தினார்.

பெயரும் எல்லையும் பின்னர்ப் பலமுறை மாறின. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980-இல்தான் ஆட்டிசத்தைக் குழந்தைப்பருவ மனச்சிதைவிலிருந்து பிரித்துத் தனி வகையாக்கியது. 1994-ஆம் ஆண்டுப் பதிப்பு ஆஸ்பெர்கர் என்னும் வகையைச் சேர்த்தது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு அதனை நீக்கி, உள்வகைகளை ஒரே நிறமாலைக்குள் அடக்கியது. ஒத்த இயல்புடைய குழந்தைகளுக்கு ஒரு மருத்துவ நிலையம் ஒரு பெயரையும் மற்றொன்று வேறு பெயரையும் இட்டமை இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

தமிழ்ச் சொற்களோ கைவிடப்பட்ட கருத்துகளையே இன்னும் சுமக்கின்றன. தமிழ்நாட்டு அரசின் மாற்றுத்திறனாளிகள் நல அறிவிப்புகளில் பயிலும் ‘புறவுலகச் சிந்தனையற்றோர்’ என்பது பிளாய்லரின் பழம்பொருளே. கானர் மறுத்த விளக்கம் தமிழில் பெயராக நிலைத்துவிட்டது. ‘மதியிறுக்கம்’ அதனினும் சுருக்கமானது, தொகைச்சொல் ஆக்கவும் எளியது. மாற்றத்தை ஏற்காத நடத்தையை ‘இறுக்கம்’ ஓரளவு உணர்த்தவும் செய்கிறது. எனினும் ‘மதி’ என்னும் முன்னொட்டு சிக்கலை அறிவின்பால் ஏற்றுகிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் வகைப்பாடு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடன் உள்ளதா இல்லையா என்பதைக் கொண்டே ஆட்டிசத்தை உட்பிரிக்கிறது. அவ்வாறாயின், அறிவு வளர்ச்சியில் குறையேதும் இல்லாத மாணவர் ஒருவரை ‘மதியிறுக்கம் உடையவர்’ என்பது அவ்வகைப்பாட்டையே மறுப்பதாகும். சேர்க்கைப் படிவத்தில் இச்சொல்லைக் காணும் பள்ளி, வகைப்பாட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை, சொல்லைத்தான் பார்க்கிறது.

‘ஆட்டிசம்’ என்னும் ஒலிபெயர்ப்பின் வேரிலும் பிளாய்லரின் ‘தான்’ உள்ளதே என வினவலாம். உண்மைதான். ஆயினும் கிரேக்க வேர் தமிழ்ப் படிப்போருக்குப் புலப்படுவதில்லை. புலப்படாமையால் தவறான செய்தி எதையும் அது உரைப்பதில்லை. வகைப்பாடு இன்னும் மாறக்கூடிய துறையில் காரணப்பெயரைவிட இத்தகைய இடுகுறித் தன்மையே பாதுகாப்பானது. ‘ஸ்பெக்ட்ரம்’ என்பதற்கு இயற்பியலின் ‘நிறமாலை’யை எடுத்தாண்டது நற்பேறு, தொலைத்தொடர்பு வழக்கின் ‘அலைக்கற்றை’ ஒட்டியிருந்தால் நகைப்புக்கே இடமாகியிருக்கும்.

எஞ்சுவது இறுதிச்சொல். ‘நோய்’ என்பதை ஆய்வாளர் பெரும்பாலும் கைவிட்டனர். ‘குறைபாடு’, ‘கோளாறு’ ஆகியவை நிற்கின்றன. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலைப்பில் கோளாறு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஏற்றாலும், வரையறையில் நரம்பு வளர்ச்சி சார்ந்த ‘நிலை’ என்றே கூறுகிறது. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் ஆட்டிசத்தைத் திறன்கள் சீரற்று வளரும் ஒரு ‘நிலை’ என்றே வரையறுத்தது. ‘ஆட்டிச நிறமாலை நிலை’ என எழுதத் தமிழுக்குச் சட்டத்தின் சான்றே போதும்.