‘பொறம்போக்கு’: வசைச்சொல்லும் மொழிபெயர்ப்பும்

2017 சனவரியில் காணொளியாக வெளிவந்த ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’, எண்ணூர்க் கழிமுகத்திற்கு அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் விளைத்த கேட்டைக் கூறுவது. கபேர் வாசுகி இயற்றிய இப்பாடலை ஆர்.கே. ஸ்ரீராம்குமாரின் இசையமைப்பில் டி.எம். கிருஷ்ணா பாடினார். சூழல்சார் பாடல்கள் பெரும்பாலும் அறிவுரையாக அமைவன. இதுவோ ஒரு சொல்லின் பொருளை மீட்டெடுக்கிறது. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கலும் அச்சொல்லைச் சார்ந்ததே.

‘புறம்போக்கு’ என்பது வருவாய்த்துறை ஆவணங்களில் வரி விதிக்கப்படாத, பொதுப் பயன்பாட்டிற்குரிய நிலத்தைக் குறிக்கும். ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு என அது வகைப்படும். மக்கள் வழக்கில் இச்சொல் இழிபொருட்பேறு எய்தி, எதற்கும் உதவாதவனை ஏசும் வசையாயிற்று. குடம் ‘கொடம்’ எனவும், புகை ‘பொகை’ எனவும் ஒலிப்பதுபோலப் புறம் ‘பொறம்’ என்றாவது பேச்சுத்தமிழின் பொது இயல்பே. எனினும் உகர வடிவம் ஆவணத்திற்கும் ஒகர வடிவம் வசைக்கும் உரியனபோல் நிற்கின்றன. பாடல் ஒகர வடிவத்தையே கையாண்டு, அதனுள் ஆவணப் பொருளை மீண்டும் நிறுவுகிறது. கருநாடக இசைக்கு அரிதான பேச்சுத்தமிழை இராகமாலிகையில் அமைத்திருப்பதும் இந்நோக்கிற்கு இயைவதாகும். இறுதியில் பாடுவோர் அவ்வசையைத் தம் பெயராக ஏற்றுக் கேட்போரையும் வினவுகிறார்.

இச்சொல்லை ஆங்கிலத்தில் ‘காமன்ஸ்’ எனப் பெயர்த்தால், பாடல் படிப்படியாக அடையும் முடிவு தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும். ‘வேஸ்ட்லேண்ட்’ எனின் இழிவு மட்டுமே எஞ்சும். பெங்களூரு வாசகருக்காகக் கன்னடத்தில் பெயர்ப்போருக்கு வேறு வாய்ப்பு உண்டு. ‘கோமாள’ என்பது மேய்ச்சல் நிலத்தை மட்டும் சுட்டும், அதில் இழிவில்லை. ‘கராபு’ என்பதோ பாழ், கேடு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழிவந்தது. கருநாடக நில ஆவணங்களில் பாதை, ஓடை, ஏரி முதலிய பொது நிலங்கள் ‘பி கராபு’ எனப்படுகின்றன. இவ்வாறு ‘பாழ்’, ‘பொது’ என்னும் இரு பொருளும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ஆயினும் மனிதரை ஏசும் வசையாக அது ‘பொறம்போக்கு’ அளவிற்கு வேரூன்றவில்லை. ஆதலின் பாடலின் இறுதி வினா கன்னடத்தில் சற்று வலுவிழக்கும். இக்குறை இருப்பினும் ‘கராபு’ என்பதே ஏற்ற பெயர்ப்பு எனலாம்.

இத்தேர்வு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. பாடல் வெளிவந்த அடுத்த திங்களிலேயே, கழிவுநீர் தேங்கிய பெங்களூருவின் பெள்ளந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்தது. பொது நிலத்தின் பெயர் பாழையே நினைவூட்டும்போது, அந்நிலம் பாழாவது இழப்பாகத் தோன்றாது. எனவே பெயர்ப்பாளர் அப்பெயரின் இழிவை மறைத்தலாகாது. பாடலைப் போலவே அதனைக் கேட்கச் செய்து, பின்னரே பொருளை மீட்டல் வேண்டும்.