விழுந்தவர் ஓடும் தூரம்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் உளுந்தூர்பேட்டையில், விபத்தின் விலையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருக்க, விபத்தை விளையாட்டாக்குவதில் ரசிக்க என்ன இருக்கிறது? 1991இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘ரோட் ராஷ்’ என்ற பைக் பந்தய வீடியோ கேமைப் பாருங்கள். பின்னர் கம்ப்யூட்டருக்கு வந்து நம் பிரவுசிங் சென்டர்களையே கட்டிப்போட்டது. எதிரே வரும் காரில் மோதினால் ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். பைக் தனியே சறுக்கி எங்கோ கிடக்கும். அவர் எழுந்து அது கிடக்கும் இடம்வரை ஓடிப்போய் ஏற வேண்டும். அந்த ஓட்டம்தான் தண்டனை. உயிர் போகாது, நேரம் போகும். பின்தங்கியவர்களெல்லாம் கண்ணெதிரே முந்துவார்கள். பக்கத்தில் போலீஸ் இருந்தால் பந்தயமே முடிந்தது. 2004இல் வந்த ‘பர்ன்அவுட் 3’ எதிரியை மோதி நொறுக்குவதற்குப் பரிசே தந்தது. கண்ணுக்கு விருந்துதான்; ஆனால் அவசரத்துக்கு விலை வைத்த ‘ரோட் ராஷ்’தான் என் கணக்கில் உயர்ந்த கலை.

இத்தகைய விளையாட்டு பிள்ளைகளை வேகத்துக்குப் பழக்காதா என்ற அச்சம் நியாயமானது. விழுந்தவர் உடனே எழுந்து ஓடுவது பொய் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பொய் திரையில் அப்பட்டமாகத் தெரிகிறது. தெரியாமல் மறைவது வேறொன்று: வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். அதைப் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.