நிறவெறியும் வீட்டின் மௌனமும்

பிறநாடுகளிற் குடியேறிய இந்தியக் குடும்பங்கள் எதிர்நோக்கிய நிறவெறியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே பின்பற்றுகின்றனர். ஒரு சாரார் வசையையும் அடியையும் கொலையையும் வரிசைப்படுத்திக் கண்ணீர் வடிப்பர். மற்றொரு சாரார் அவற்றையெல்லாம் பொருட்படுத்தாது படித்துப் பட்டம் பெற்று, வீடு வாங்கி, முன்னேறியோரின் வெற்றியைப் பாடுவர். முதலாவது இரக்கத்தை வேண்டுகிறது. இரண்டாவது பாராட்டை வேண்டுகிறது. நிறவெறி எவ்வாறு இயங்குகிறது, ஒரு வீட்டினுள் நுழைந்ததும் அங்குள்ளோரின் உறவுகளை அது என்ன செய்கிறது, அதனை எதிர்க்கும் வலு எங்கிருந்து பிறக்கிறது ஆகிய மூன்று வினாக்களையும் இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை.

மீரா சியால் 1996 இல் வெளியிட்ட 'அனிட்டாவும் நானும்' என்ற ஆங்கில நாவல் முதலிரு வினாக்களுக்கும் சிறந்த விடை தருகிறது. மூன்றாவது வினாவின் வாசலிலே நின்றுவிடுகிறது. அந்நாவலைப் பற்றி நாம் இங்கு கூறவிரும்புவது இதுவே.

நாவலின் களம் இங்கிலாந்தின் நடுப்பகுதி. நிலக்கரிப் புகையாலும் இரும்பாலைகளின் கரியாலும் 'கறுப்பு நாடு' என்றே பெயர்பெற்ற தொழிற்பிரதேசத்தின் விளிம்பில், வுல்வர்ஹம்ப்டன் நகருக்கு அண்மையில், டொலிங்டன் என்னும் கற்பனைக் கிராமம் அமைந்துள்ளது. 1961 இல் அந்நகரிற் பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்த ஆசிரியை, எசிங்டன் என்ற சுரங்கக் கிராமத்தில் வளர்ந்தவர். ஆதலின் அவ்வூரின் பேச்சும் வறுமையும் நகைச்சுவையும் நாவலில் உயிர்த்துடிப்புடன் வெளிப்படுகின்றன. கிராமத்திலே வாழும் ஒரேயொரு இந்தியக் குடும்பத்தின் மகள் மீனா. அவள் உறவாடத் துடிப்பது அனிட்டா என்னும் வெள்ளைக்காரச் சிறுமியோடு. இந்த நட்பு எவ்வாறு மலர்ந்தது, எவ்வாறு முறிந்தது என்பதே கதை.

இக்கதையின் பின்னணியை அறியாதவர்க்கு அதன் கனம் முழுமையாகப் புலப்படாது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் பிரித்தானியாவின் ஆலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் பஸ் சேவைகளுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் குடியேற்ற நாட்டவர்க்குக் கதவைத் திறந்திருந்தது. பஞ்சாபிலிருந்து சென்றோர் பலர் இரும்பு வார்ப்பாலைகளிலே மிகக் கடுமையான வேலைகளில் அமர்த்தப்பட்டனர். உழைப்பு வேண்டப்பட்டது, உழைப்பவன் அயல்வீட்டில் வாழ்வது வேண்டப்படவில்லை. 1962 இல் கதவு பாதி மூடப்பட்டது. 1968 இல், கென்யாவிலிருந்து வெளியேறிய இந்திய வமிசாவளியினரைத் தடுக்கும் நோக்குடன், தொழிற்கட்சி அரசாங்கமே சில நாட்களுள் அவசர அவசரமாக மற்றொரு சட்டத்தை நிறைவேற்றியது.

இதே பிரதேசத்தின் ஸ்மெதிக் தொகுதியில் 1964 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே கறுப்பர் அயலவராக வருவர் என்ற அச்சத்தைக் கிளப்பி வாக்குச் சேகரிக்கப்பட்டது. தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான பற்றிக் கோர்டன் வோக்கர் தோல்வியுற்றார். அங்குள்ள மார்ஷல் வீதியில் வெறுமையாகும் வீடுகளை நகரசபை வாங்கி வெள்ளையருக்கே கொடுக்கவேண்டும் என்ற இயக்கம் நடைபெற்றது. வார்ப்பாலைத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் ஊழியருமான அவ்தார் ஜௌல் முதலியோரின் அழைப்பை ஏற்று, 1965 பெப்ரவரியில், தாம் கொல்லப்படுவதற்குச் சில நாட்களின் முன்னர், மல்கம் எக்ஸ் அவ்வீதியில் வந்து நடந்தார். வுல்வர்ஹம்ப்டனில் 1967 முதல் 1969 வரை சீக்கிய பஸ் ஊழியர் தலைப்பாகையுடன் பணிபுரியும் உரிமைக்காகப் போராடவேண்டியிருந்தது. அந்நகரின் பாராளுமன்ற உறுப்பினருள் ஒருவரான ஈனக் பவல், 1968 ஏப்ரல் 20 ஆந் திகதி பேர்மிங்ஹாமிற் குடியேறியோருக்கெதிராக நஞ்சு கக்கினார். மீனாவின் பெற்றோர் தேநீர் அருந்தும் அறைக்கு வெளியே வீசிய காற்று இத்தகையது.

இக்காற்று வீட்டினுள் எவ்வாறு புகுகிறது என்பதைக் காட்டுவதிலேதான் சியாலின் திறன் விளங்குகிறது. நாவலில் ஒரு சிறு சம்பவம் வருகிறது. தாய் காரோட்டிச் செல்கையில் ஏற்றமொன்றில் வண்டி தடைப்படுகிறது. பின்னால் நிற்கும் வண்டிகளைச் சற்றுப் பின்வாங்கும்படி கேட்க மீனா இறங்கிச் செல்கிறாள். வயோதிப வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி, இந்தியரை இழிவாகக் குறிக்கும் சொல்லொன்றை அச்சிறுமியின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். மீனா திரும்பிவந்து தாயிடம் அதனைக் கூறுவதில்லை. தாய் ஏற்கெனவே பதற்றத்திலிருக்கிறாள்; அவள் மனம் நோகக்கூடாது. அவ்வளவே சம்பவம். ஆயினும் நாவலின் இதயம் இதுவென்றே நாம் கொள்கிறோம்.

தாயைக் காக்க மகள் மறைக்கிறாள். மகளைக் காக்கப் பெற்றோரும் தாம் பட்ட அவமானங்களை மறைத்தே வாழ்கின்றனர். ஒருவர்மீது மற்றவர் கொண்ட அன்பே ஒருவரிடமிருந்து மற்றவரைப் பிரிக்கும் சுவராகிவிடுகிறது. அவமானத்தைப் பெற்றவர் அதனைத் தனிமையிலே சுமக்கிறார்; சுமந்து சுமந்து, அது தமது சொந்தக் குறைபாட்டின் விளைவோ என்று ஐயுறவும் தொடங்குகிறார். மீனா வெள்ளைக்காரியாக மாற விரும்புவதும், அனிட்டாவின் பேச்சையும் நடையையும் பின்பற்றுவதும் இதன் பயனே. கல்லெறிந்து உடைத்த கண்ணாடியை மறுநாள் மாற்றிவிடலாம். இந்த மௌனம் உடைப்பதை எதனால் மாற்றுவது?

நிறவெறி அந்நியரிடமிருந்து மட்டும் வருவதன்று என்பதையும் நாவல் தெளிவாக உணர்த்துகிறது. ஊரின் திருவிழாவிலே பலரறிய அதனைப் பேசுபவன் சாம் என்ற இளைஞன். மீனா அவனை வியந்து நோக்கியவள். அவனும் அவளிடம் பரிவுடன் பழகியவன். பின்னர், வங்கி உத்தியோகத்தரான இந்தியர் ஒருவர் தாக்கப்பட்ட செய்தியை அனிட்டாவே களிப்புடன் மீனாவுக்குச் சொல்கிறாள். தன் சிநேகிதியும் தாக்கப்பட்டவரும் ஒரே இனத்தவர் என்பது அவள் எண்ணத்திலேயே எழவில்லை. நான் சொன்னது மற்றவர்களைத்தான், உன்னையல்ல என்று இறுதியிற் சாம் சமாதானங் கூறுகையில், அந்த மற்றவர்களுள் ஒருத்தியே தான் என்று மீனா மறுத்துரைக்கிறாள். நாவலிலே அவள் அடையும் மனமுதிர்ச்சியின் உச்சி இதுவே. 'நீங்கள் மட்டும் நல்லவர்' என்ற விதிவிலக்கை வெகுமதியாக ஏற்காது மறுத்தெறிவதற்கு அவளிடம் எவரும் பாடம் நடத்தவில்லை, அனுபவமே கற்பித்தது.

சாமையும் அனிட்டாவையும் ஆசிரியை பேய்களாகச் சித்திரிக்கவில்லை என்பது இந்நாவலின் மற்றொரு பெருமை. தாயாற் கைவிடப்பட்ட சிறுமி அனிட்டா. சுரங்கம் மூடப்பட்ட ஊரில் எதிர்காலம் இல்லாத இளைஞன் சாம். மாறாக, ஊரார் கண்ணிற் படாது பெரிய மாளிகையில் வாழ்பவர் ஓர் இந்தியர் என்பது கதையின் இறுதியில் வெளிப்படுகிறது. மாளிகையில் ஒரு இந்தியரும் முற்றத்தில் வறிய வெள்ளையரும் நிற்கும் இக்காட்சி, நிறம் ஒன்றைக் கொண்டே உலகைப் பிரிப்போருக்கு ஏற்ற மறுப்பாகும். குடியேறிய குடும்பங்களின் தற்பெருமையையும் ஆசிரியை விட்டுவைக்கவில்லை. விருந்துக்கு வரும் மாமிமார் ஆங்கிலேயரின் சுத்தத்தையும் குடும்ப ஒழுக்கத்தையும் எள்ளி நகையாடுகின்றனர். இழிவுபடுத்தப்பட்டவர் தமது உள்ளறையிலே மற்றொருவரை இழிவுபடுத்தி ஆறுதலடைகின்றனர். இந்த ஆறுதலின் மிகக் கொடிய வடிவம் சாதி. அது கப்பலேறிச் சென்று பிரித்தானியாவிலும் குடிகொண்டது. சமத்துவச் சட்டத்திற் சாதிப் பாகுபாட்டையும் சேர்க்கவேண்டுமென 2013 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் பணித்தும், 2018 இல் அரசாங்கம் அதனை நிறைவேற்றாது கைவிட்டது.

இத்துணைச் சிறப்புகள் இருந்தும் நாவலின் முடிவு எமக்கு நிறைவளிக்கவில்லை. மீனாவுக்கு விடுதலை எவ்வழியில் வருகிறது? பதினொரு வயதிற் பிள்ளைகளை வடிகட்டிப் பிரிக்கும் பரீட்சையின் வழியாக வருகிறது. அவள் உயர்தரப் பாடசாலையை நோக்கிச் செல்கிறாள். குடும்பமும் ஊரைவிட்டுப் பெயர ஆயத்தமாகிறது. அனிட்டா அங்கேயே நிற்கிறாள். சாமும் அங்கேயே நிற்கிறான். பரீட்சையில் தேறாத இந்தியப் பிள்ளைகளின் கதி யாது என்ற வினா எழவேயில்லை. நிறவெறி வென்றொழிக்கப்படவில்லை, அது நிலவும் தெருவிலிருந்து ஒருத்தி வெளியேறிவிட்டாள்.

இது ஒரு சிறுமியின் கண்ணாற் காணப்பட்ட உலகம். அவளிடம் ஆலைத் தொழிலாளரின் வரலாற்றை எதிர்பார்ப்பது முறையன்று எனச் சிலர் வாதிக்கலாம். அவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. மீனாவின் தாய் ஆசிரியை. அவர்களது வீடு வார்ப்பாலைத் தொழிலாளியின் வீடன்று. ஆயினும் சிறுமியின் கண்ணுக்கு மாளிகை தெரிந்தது, திருவிழா தெரிந்தது, தொலைக்காட்சி தெரிந்தது. சில மைல் தூரத்தில் ஆயிரக்கணக்கான இந்தியர் உழைத்த ஆலைகள் மட்டும் தெரியாமற் போயின. அக்குருடு சிறுமியினதன்று, அவள் பிறந்த வர்க்கத்தினது.

ஒப்பிட்டு நோக்குதற்கு ஹனீப் குரெய்ஷியின் 'புறநகரின் புத்தர்' என்ற நாவலை எடுத்துக்கொள்ளலாம். 1990 இல் வெளிவந்த அந்நாவலில் சங்கேஸ் என்ற பாத்திரம் நிறவெறிக் கும்பலொன்றால் தாக்கப்படுகிறான். அதனைக் கண்டித்து நடைபெறும் ஊர்வலத்திலே ஜமீலா முன்னிற்கிறாள். நடிகனாக உயர்ந்துகொண்டிருக்கும் கதாநாயகன் கரீம் தனது காதல் விவகாரத்தில் மூழ்கி அங்கு வராதுவிடுகிறான். குரெய்ஷியும் போராட்டத்தைக் கதையின் நடுவில் வைத்தாரில்லை. எனினும் கரீமின் வெற்றிடத்தை அவர் வாசகனுக்குச் சுட்டிக்காட்டுகிறார். தனியொருவனின் உயர்வுக்கு யார் விலைகொடுக்கின்றனர் என்று கேட்கவைக்கிறார். சியாலின் நாவலில் அக்கேள்விக்கு இடமில்லை.

அவ்விடத்தை நிரப்பவேண்டியது எது என்பதை வரலாறு காட்டுகிறது. பவல் பேசிய சில நாட்களில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் அவருக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். தொழிலாளர் ஒற்றுமையிலே நம்பிக்கை கொண்ட எம்மைப் போன்றோர் இந்த உண்மையை மூடிமறைத்தலாகாது. 1974 இல் லெஸ்டர் நகரின் இம்பீரியல் தட்டெழுத்துப்பொறி ஆலையில் ஆசியத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது அவர்களது தொழிற்சங்கமே அவர்களைக் கைவிட்டது. ஆனால் 1976 ஆகஸ்டில் இலண்டனின் வடமேற்கிலுள்ள கிரன்விக் புகைப்படத் தொழிற்சாலையிலிருந்து ஜெயாபென் தேசாய் வெளிநடப்புச் செய்தார். கிழக்காபிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள் பெருந்தொகையினராக அவரைச் சூழ்ந்து நின்றனர். அஞ்சல் ஊழியர் அத்தொழிற்சாலையின் தபால்களைக் கையாள மறுத்தனர். 1977 இல் யோர்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர் அப்பெண்களுக்குத் துணையாக வாயிலில் வந்து நின்றனர். ஏறத்தாழ இரண்டாண்டுகள் நீடித்த அப்போராட்டம் 1978 ஜூலையில் தோல்வியுற்றது. தொழிற்சங்கத் தலைமை இறுதிவரை உடன்நிற்கவில்லை. எனினும், சேலையுடுத்த இந்தியப் பெண்ணொருத்தி வீட்டில் அடக்கிவைத்த சொல்லை வீதியிற் கூறினாள். அச்சொல்லுக்கு வெள்ளைச் சுரங்கத் தொழிலாளி செவிசாய்த்தான். சாமுக்கும் மீனாவுக்குமிடையே நாவல் காணாத பாலம் அந்த வாயிலிலேதான் அமைந்தது.

இப்பொருளில் எமது நாட்டவர் ஒருவரின் பங்களிப்பையும் குறிப்பிடல் தகும். கொழும்பிற் பிறந்தவரும் மலைநாட்டில் ஆசிரியராகப் பணியாற்றியவருமான அ. சிவானந்தன், 1958 ஆம் ஆண்டின் இனக்கலவரத்தையடுத்து இலங்கையை விட்டு வெளியேறினார். இலண்டனை அடைந்தபோது நொட்டிங்ஹில் கலவரம் அவரை எதிர்கொண்டது. 2018 இல் மறையும்வரை அவர் வற்புறுத்திய கருத்துகளுள் முதன்மையானது, நிறவெறியை மனித மனத்தின் தப்பெண்ணமாக மட்டுங் காண்பது போதாது, அதனைச் சட்டமாகவும் கூலியாகவும் அரசாகவும் காணவேண்டும் என்பதே. இரு தீவுகளின் இரு கலவரங்களையும் கண்டவரின் கூற்று அது. கடல்கடந்த இந்தியக் குடும்பத்தின் அவலத்தை வாசித்து நெகிழும் நாம், 1948 இல் எமது மலைநாட்டின் இந்திய வமிசாவளித் தொழிலாளர் சட்டத்தினாலேயே நாடற்றவராக்கப்பட்டதையும் உடன் நினைத்தல் வேண்டும். அவர்களைக் கள்ளத்தோணி என்று இகழ்ந்த நாவுகள் யாவும் சிங்கள நாவுகளல்ல.

ஆசிரியரும் மாணவரும் இந்நாவலை வாசிக்கவேண்டும் என்றே நாம் கூறுவோம். அவமானப்பட்ட பிள்ளை வீட்டில் ஏன் வாய் திறப்பதில்லை என்பதை இதனைவிட நுட்பமாகக் காட்டும் நூல்கள் சிலவே. ஆனால் வாசித்தபின் வகுப்பறையில் ஒரு விவாதத்தையும் தொடங்கவேண்டும். இழிவுக்குள்ளான பிள்ளையிடம் 'நன்றாகப் படி, எல்லாஞ் சரியாகிவிடும்' என்று நாம் கூறுகிறோமே, அது விடையா, அல்லது வெளியேறும் வழியா? வெளியேறும் வழியை ஒரு சிலருக்கே பரீட்சை திறந்துவிடுகிறது. எஞ்சியோர் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கும்போதுதான் விடை பிறக்கும். பேசுவதற்குரிய சொல்லை அவர்களுக்குக் கொடுப்பது இலக்கியத்தின் கடமை. ஆசிரியத்தொழிலின் கடமையும் அதுவே.