10 விநாடி ஞாபகம்

எந்திரம் வந்தது, டிரம்ஸ்காரன் பிழைப்பில் மண் விழுந்தது என்று ஒரு புலம்பல். டிரம் மெஷின் பற்றிய பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துபோகிறது. மனிதன் / எந்திரம் என்கிற இந்த இருமை எதிர்வின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. யாரைக் காப்பாற்ற இது பயன்படுகிறது?

1987இல் அமெரிக்காவின் ஈமு நிறுவனம் கொண்டுவந்த எஸ்.பி.1200ஐ எடுத்துக்கொள்வோம். வெளி ஒலிகளை வெட்டிப் பதிந்து தாளமாக அடுக்கும் டிஜிட்டல் கருவி. 12 பிட். தட்டுவதற்கு 8 பொத்தான்கள். மொத்த ஞாபகமே 10 விநாடிதான். ஒரு துண்டு இரண்டரை விநாடியைத் தாண்டக்கூடாது. நியூயார்க்கின் ஹிப்-ஹாப் இளைஞர்கள் இந்தக் கஞ்சத்தனத்தோடு மல்லுக்கட்டினார்கள். 33 சுற்று இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிந்தார்கள். பிறகு கருவிக்குள் வேகத்தைத் தணித்தார்கள். 10 விநாடிக்குள் பதிமூன்றரை விநாடி அடங்கிற்று. இழுத்த இழுப்பில் ஒரு கரகரப்பு வந்து ஒட்டிக்கொண்டது. பொறியாளன் பிழையென்று ஒதுக்குகிற அந்தக் கரகரப்பே ஒரு இசைவகையின் குரலாயிற்று. எந்திரம் மனிதனை விழுங்கியதாக இதை வாசிக்க முடியுமா என்ன?

சரி, அந்த இரண்டரை விநாடிக்குள் இருந்தது யாருடைய கை? விஷயம் இங்கேதான் சிக்கலாகிறது. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ 1970இல் வெளிவந்தது. அதில் தனித்து ஒலிக்கும் தாளம் க்ளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்தது. பிற்பாடு அதை வெட்டி ஒட்டிய பாட்டுகள் ஏராளம். 1989இல் வந்த பப்ளிக் எனிமியின் ‘ஃபைட் த பவர்’ அதில் ஒன்று. மூலப்பாட்டின் ஆசிரியராகப் பதிவானது பிரவுன் பெயர். ஆசிரியர் என்ற முறையில் ஸ்டபிள்ஃபீல்டுக்குச் சேரவேண்டியது எதுவுமில்லை. 2017இல் அவர் செத்துப்போனார்.

எந்திரத்தைத் திட்டி என்ன பிரயோசனம்? அது அந்தக் கையை ஞாபகம் வைத்திருந்தது, கரகரப்போடாவது. மறந்தது கணக்குப் புத்தகம். மெட்டும் வார்த்தையும் ‘படைப்பு’, தாளம் கூலிவேலை என்கிற ஏற்பாடு இந்த மெஷின் வருவதற்கு 17 வருஷம் முன்பே அங்கே அமலில் இருந்தது. எந்திரத்தைப் பழிக்கும் புலம்பல் காப்பாற்றுவது இந்த ஏற்பாட்டைத்தான்.

ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். சிறுபத்திரிகைகளில் நாம் அதைக் கொண்டாடித் தீர்த்தோம். ஆனால் ஆசிரியனாகப் பிறக்கவே விடப்படாதவனின் சாவை எந்தக் கோட்பாட்டில் எழுதுவது? வெட்டி ஒட்டுவதெல்லாம் அதிகார எதிர்ப்பு என்று குதிப்பதற்கு முன்னால், வெட்டின துண்டுக்குள்ள யாரோட மணிக்கட்டு இருக்குன்னு கேட்டுத்தான் ஆகணும்.