கேஸ்கட் கிடைக்குமா?

உங்கள் வீட்டுக் குக்கருக்கு என்ன வயசு? பத்து, பதினைந்து, சில வீடுகளில் இருபதுகூட இருக்கும். கேஸ்கட் தளர்ந்து, விசில் வராமல் பக்கவாட்டில் ஆவி அடிக்கும்போது என்ன செய்கிறீர்கள்? பாத்திரக் கடைக்குப் போய்க் கம்பெனி பேரைச் சொல்லி, 'அஞ்சு லிட்டர் கேஸ்கட் ஒண்ணு குடுங்க' என்கிறீர்கள். கடைக்காரர் ஆணியில் தொங்கும் கறுப்பு வளையங்களில் ஒன்றை உருவித் தருகிறார். மறுநாள் காலை விசில் அடிக்கிறது. இதற்காக யாரும் புதுக் குக்கர் வாங்குவதில்லை.

லேப்டாப்புக்கு இந்தப் பாக்கியம் இல்லை. நாலு வருஷத்தில் பேட்டரி உப்பும். கீல் விட்டுப்போகும். ராம் போதாது. கடைக்கு எடுத்துப் போனால், 'சார், இதுல ராமை போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கான். ஒண்ணும் பண்ண முடியாது. புதுசு வாங்கிடுங்க' என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்கள். அறுபதாயிரம் ரூபாய் சாமானுக்கு, ரெண்டாயிரம் ரூபாய் குக்கரின் ஆயுள் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2000-களின் தொடக்கத்தில் வந்த பெரும்பாலான லேப்டாப்புகளில் அடியில் ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். ரெண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் ராம். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். உலகமே வாயைப் பிளந்தது. அதில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்ததை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. 2012-ல் ரெட்டினா திரையோடு வந்த மேக்புக் ப்ரோவில் பேட்டரியையும் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். சாமான்களைப் பிரித்துப் பார்த்து மார்க் போடும் ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்கு ஒன்று கொடுத்தது. மற்ற கம்பெனிகள் இதைக் கண்டித்திருக்கலாம். காப்பியடித்தார்கள்.

இதற்கு எதிர்க்குரலாக வந்ததுதான் ஃப்ரேம்வொர்க். ஆப்பிளிலும் ஆக்குலஸிலும் வேலை பார்த்த நிரவ் படேல் 2020-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த கம்பெனி. 2021-ல் முதல் லேப்டாப் வந்தது. அடியில் ஐந்தே ஸ்க்ரூ. திருப்புளியும் அவர்களே பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். உள்ளே ஒவ்வொரு பாகத்திலும் க்யூஆர் கோடு. அதைப் படமெடுத்தால் எப்படி மாற்றுவது என்ற விளக்கம் வரும். ஓரத்தில் நாலு குழிகள். யுஎஸ்பி வேண்டுமா, ஹெச்டிஎம்ஐ வேண்டுமா, மெமரி கார்டு வேண்டுமா, தீப்பெட்டி மாதிரி ஒரு துண்டைச் செருகிக்கொள்ளலாம். ஐஃபிக்ஸிட் பத்துக்குப் பத்து போட்டது.

சரி, இந்த மாதிரி கழற்றி மாட்டும் லேப்டாப் வைத்திருப்பவர்களையும், வாங்கத் துடிப்பவர்களையும் கூப்பிட்டு, 'அடுத்த மாடலில் என்ன வேண்டும்?' என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? கல்யாணப் பட்டியல் மாதிரி நீளும். திங்க்பேடில் 1992 முதல் இருக்கிற சிவப்புக் குமிழ் வேண்டும். கீபோர்டில் விசைகள் இன்னும் ஆழமாக அமுங்க வேண்டும். நாலு குழி போதாது, ஆறு வேண்டும். ஓலெட் திரை. சிம் கார்டு போட இடம். மூடிப் பைக்குள் வைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக சார்ஜ் கரையக் கூடாது. ராம் கழற்றும்படி இருக்க வேண்டும். எல்லாம் இருந்தும் மெல்லிசாக இருக்க வேண்டும். விலையும் குறைய வேண்டும்.

நியாயமான ஆசைகள்தான். ஆனால் இந்தப் பட்டியலில் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது என்பது என் கட்சி. அதற்கு முன், இருக்கிற ஆசைகளைக் கொஞ்சம் தரம் பிரிக்கலாம்.

முதல் வகை, காத்திருந்தால் தானே வரும். வந்துகொண்டும் இருக்கிறது. ஃப்ரேம்வொர்க்கின் முதல் பேட்டரி 55 வாட்-மணி. 2023-ல் 61 வந்தது. 2024-ல் புதுத் திரையும் புது வெப்கேமும் வந்தன. கீல் தளர்வாக இருக்கிறது என்று முணுமுணுத்தவர்களுக்கு இறுக்கமான கீல் வந்தது. இவையெல்லாம் 2021-ல் வாங்கின பழைய உடம்பிலேயே பொருந்தும். டீப்கம்ப்யூட்டிங் என்ற வேறொரு கம்பெனி இதே உடம்புக்குள் உட்காரும்படி ரிஸ்க்-5 ப்ராசஸர் போர்டு ஒன்றை 2024-ல் அறிவித்தது. ஒரு லேப்டாப்புக்கு வெளி ஆள் மதர்போர்டு செய்கிறான் என்பது சின்ன விஷயம் இல்லை.

ரெண்டாவது வகை, ஒன்றோடு ஒன்று சண்டை போடும் ஆசைகள். கழற்றி மாட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கனெக்டர் வேண்டும். கனெக்டர் என்றால் உயரம், அகலம், காசு. அந்த நாலு குழிகளையே பாருங்கள். ஒவ்வொரு துண்டும் உள்ளே ஒரு யுஎஸ்பி-சி வழியாகத்தான் பேசுகிறது. துண்டு பிடிக்கிற இடத்தில் சாதாரண லேப்டாப்பில் ரெண்டு ஓட்டை போட்டிருக்கலாம். மாற்றும் வசதிக்காக எண்ணிக்கையை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ரெண்டும் வேண்டும் என்றால் கனம் கூடும்.

ராம் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். இன்றைய லேப்டாப்புகளில் இருக்கும் எல்பிடிடிஆர் மெமரி குறைந்த மின்னழுத்தத்தில் அதிவேகமாக ஓடுகிறது. ப்ராசஸருக்கும் அதற்கும் நடுவே கம்பிப் பாதை நீண்டால், ஸ்லாட் வந்தால், சிக்னல் சிதைகிறது. அதனால்தான் பக்கத்திலேயே வைத்துப் பற்றவைக்கிறார்கள். இதற்கு ஒரு மாற்று உண்டு. டெல் 2022-ல் கொண்டுவந்த காம் என்ற, ஸ்க்ரூ போட்டு அமுக்கி வைக்கும் தட்டை மெமரியை அடியொற்றி, 2023 டிசம்பரில் காம்2 என்ற பொதுத்தரம் வெளியானது. அதன் எல்பி வடிவத்தை லெனோவா 2024-ல் திங்க்பேட் பி1-ல் போட்டது. ஆனாலும் எல்லா இடத்திலும் அது செல்லுபடியாவதில்லை. கழற்றி மாட்டுவதையே வேதமாகச் சொல்லும் ஃப்ரேம்வொர்க், 2025 பிப்ரவரியில் அறிவித்த டெஸ்க்டாப்பில் ராமை சால்டர் செய்துதான் தந்தது. அந்த ஏஎம்டி ப்ராசஸரின் அகலமான மெமரிப் பாதைக்கு வேறு வழி அமையவில்லை என்றார்கள். ஆக, சால்டர் வைத்தவனெல்லாம் அயோக்கியன் இல்லை. பசை போட்டு பேட்டரியை ஒட்டியவனுக்குத்தான் இந்தச் சாக்கு கிடையாது.

இப்போது மூன்றாவது வகை. பட்டியலில் விட்டுப்போனது. புதுசாக எதுவும் வேண்டாம். இருக்கிறதை மாற்றாமல் இருந்தால் போதும்! போர்டின் அளவு, ஸ்க்ரூ துளை இருக்கும் இடம், கனெக்டரின் வடிவம், இதெல்லாம் பத்து வருஷம் அப்படியே இருக்கும் என்ற வாக்கு. இதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஏனென்றால் இது விளம்பரத்தில் வராது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கழற்றி மாட்டும் சாமான்கள் செத்ததெல்லாம் பெரும்பாலும் இங்கேதான்.

கூகுளின் ஆரா போன் ஞாபகம் இருக்கிறதா? துண்டு துண்டாக மாட்டும் போன் என்று 2013-ல் தொடங்கி, கடைக்கு வராமலே 2016-ல் கைவிடப்பட்டது. எல்ஜியின் ஜி5 போன் 2016-ல் கழற்றும் அடிப்பாகத்தோடு வந்தது; அடுத்த வருஷம் ஜி6 வந்தபோது அந்த ஏற்பாட்டையே காணோம். ஜி5-க்குத் துணைச் சாமான் வாங்கியவர்கள் அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான். டெல் நிறுவனம் 2019-ல் ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற கனத்த லேப்டாப்பைக் கொண்டுவந்து, ப்ராசஸரையும் கிராஃபிக்ஸையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்றது. அடுத்த தலைமுறை கிராஃபிக்ஸ் வந்தபோது அது முதல் மாடலில் பொருந்தவில்லை. 2021-ல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். கழற்ற முடிந்தது. மாட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

எதிர் உதாரணமும் இருக்கிறது, உங்கள் மேஜைக்கு அடியிலேயே. ஐபிஎம் 1981-ல் பிசியைக் கொண்டுவந்தபோது மின்சுற்று வரைபடத்தையே புத்தகமாகப் போட்டு விற்றது. அதைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் கார்டு செய்தது. 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்று மதர்போர்டுக்கு ஒரு அளவு நிர்ணயித்தது. இன்றைக்கும் ஏடிஎக்ஸ் போர்டு ஏடிஎக்ஸ் பெட்டியில் உட்காருகிறது, யார் செய்தாலும். ரிச்சி தெருவில் உங்கள் பட்ஜெட்டுக்கு ஏற்ப பிசி அசெம்பிள் பண்ணிக் கொடுக்க முடிகிறதென்றால் காரணம், யாரோ ரெண்டு பேர் அளவை வெளியே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கையை வைக்காமல் இருந்ததுதான். லேப்டாப்புக்கு அப்படி ஒரு ஏடிஎக்ஸ் வரவே இல்லை.

ஃப்ரேம்வொர்க் இதில் எங்கே நிற்கிறது? பாதி தூரம் வந்திருக்கிறது. 2025 வரை வந்த 13 அங்குல போர்டுகள் 2021-ன் உடம்பில் பொருந்துகின்றன. போர்டின் அளவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் முழு மின்சுற்று வரைபடம் அப்படி இல்லை. ரிப்பேர் செய்பவர்கள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய இன்டெல் போர்டிலிருந்து ஏஎம்டி போர்டுக்குப் போனால் டிடிஆர்4 ராம் குப்பை, டிடிஆர்5 வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஒரு சின்னக் கம்பெனி. நாளைக்கு ஷட்டரை இறக்கினால்? 'பத்து வருஷம் உழைக்கும்' என்று நம்பிக் கூடுதல் காசு கொடுத்தவர், உண்மையில் லேப்டாப்பை வாங்கவில்லை. அந்தக் கம்பெனியின் ஆயுள்மேல் பந்தயம் கட்டியிருக்கிறார். கம்பெனி போனாலும் சாமான் பிழைக்க வேண்டுமென்றால் வரைபடம் ஊர்ச்சொத்தாக இருக்க வேண்டும்.

அப்படிச் செய்து காட்டியவர்களும் உண்டு. பெர்லினில் எம்என்டி என்ற குட்டிக் கம்பெனியின் ரிஃபார்ம் லேப்டாப், 2020-ல் மக்களிடம் பணம் திரட்டி உருவானது. முழு வரைபடமும் திறந்த புத்தகம். பேட்டரி என்பது தனித்தனியாக எட்டு உருளை செல்கள். டார்ச் லைட்டுக்கு மாற்றுவதுபோல் மாற்றலாம். தடிமன் அதிகம், வேகம் குறைவு, விலையும் சுகமில்லை. ஆனால் அதன் ப்ராசஸரைத் தனித் துண்டாக வைத்திருந்ததால், பின்னால் வேகமான துண்டு வந்தபோது பழைய பெட்டியிலேயே மாட்ட முடிந்தது. சீனாவில் 51என்பி என்ற ஆர்வலர் கூட்டம் இன்னும் ஒரு படி மேல். 2007-ன் திங்க்பேட் எக்ஸ்61-க்குள் புதுக் காலத்து மதர்போர்டைத் தாங்களே வடிவமைத்து நுழைத்தார்கள். கம்பெனி உதவவில்லை. அந்தக் கீபோர்டின்மேல் அவர்களுக்கு இருந்த பிரியம் அப்படி.

ஆகவே என் பட்டியல் சின்னது. ஒன்று, போர்டின் அளவும் துளைகளும் பத்து வருஷம் மாறாது என்று எழுத்தில் வேண்டும். ரெண்டு, மின்சுற்று வரைபடம் எல்லோருக்கும். மதர்போர்டின் விலை முழு லேப்டாப்பில் ஏறக்குறைய பாதியைத் தொடுகிறது. அதில் ஒரு கெப்பாசிட்டர் போனால் போர்டையே மாற்று என்பது ரிப்பேர் அல்ல, வியாபாரம். வரைபடம் இருந்தால் ரிச்சி தெருப் பையன் சில ரூபாய் சாமானில் உயிர் கொடுத்துவிடுவான். இப்போதும் கொடுக்கிறான், கண்ணைக் கட்டிக்கொண்டு. மூன்று, பயாஸ் அப்டேட் பழைய போர்டுகளுக்கும் நிற்காமல் வர வேண்டும். நாலு, வேறு ஆட்கள் பாகம் செய்ய அனுமதி. தமிழ்99 எழுத்துகள் அச்சிட்ட கீபோர்டை எந்தப் பெரிய கம்பெனியும் நமக்காகச் செய்யாது; அளவு தெரிந்தால் கோவையில் ஒருவர் நூறு செய்து விற்கலாம்.

சட்டமும் மெல்ல நகர்கிறது. பிரான்சில் 2021 முதல் லேப்டாப் உட்பட சில சாமான்களில் ரிப்பேர் மார்க்கைப் பத்துக்கு இத்தனை என்று ஒட்ட வேண்டும் என்றார்கள். உதிரி பாகத்தின் விலைக்கும் அதில் மார்க் உண்டு. ஐரோப்பிய யூனியனின் 2023 சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை உபயோகிப்பவரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. ஆனால் சட்டம் 'கழற்ற விடு' என்றுதான் சொல்லும். 'அளவை மாற்றாதே' என்று சொல்லாது. அதை வாங்குகிற நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த தடவை லேப்டாப் வாங்கப் போகும்போது எத்தனை ஜிபி, எத்தனை கோர் என்று கேட்டபின் இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். பேட்டரி தனியாக என்ன விலை? அஞ்சு வருஷம் கழித்தும் கிடைக்குமா? ராம் கழற்ற வருமா? சேல்ஸ்மேன் முழிப்பார். மேனேஜரைக் கூப்பிடுவார். அவரும் முழிப்பார். பரவாயில்லை. ஒருவர் கேட்டால் கிராக்கு என்பார்கள். தினம் பத்துப் பேர் கேட்டால், பதிலை அச்சடித்துப் பெட்டிமேல் ஒட்டிவிடுவார்கள்.